துப்பாக்கிக்குத் தாத்தா

— தாத்தாவா? துப்பாக்கிக்கா?

— அப்படித்தான் எழுதியிருக்கு, எலைஜா. நான் எழுதல. ஒட்டாவாவுலேர்ந்து வந்த அரசாங்கக் காகிதம்.

— மறுபடி படி. மெல்லப் படி. ஏய் அடேல், அந்தச் சட்டிய உருட்டறத நிறுத்து. போலீஸ்காரம்மா ஒரு வேடிக்கை சொல்றா, கேளு.

— எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது கிழவா. நான் ஒண்ணும் சொல்லல. ரொட்டி கருகினா என்னக் கேக்காதே, அவ்வளவுதான்.

— 'லிண்டால் வேட்டைத் துப்பாக்கி, எல்லா வகையும். கோவால் என்னும் பட்டாளத் துப்பாக்கியின் வழியில் வந்தது. ஆகவே தடை செய்யப்பட்டது.' போதுமா?

— போதாது. எனக்குப் படிப்பு கிடையாது நோரீன், ஆனா கண்ணு ரெண்டும் இருக்கு. என் துப்பாக்கி என்ன தப்பு பண்ணிச்சு? அதச் சொல்லு.

— அது ஒண்ணும் பண்ணல.

— நான்?

— நீங்களும் பண்ணல. யாரும் எதுவும் பண்ணல. அதோட தாத்தா ஒரு பட்டாளத்தான். அதான் குத்தம்.

— உன் தாத்தா?

— எங்க தாத்தாவா? உக்ரைன்லேர்ந்து வந்தாரு. அங்க குதிரை திருடி மாட்டிக்கிட்டுத்தான் கப்பல் ஏறினாருன்னு எங்க அத்தை சொல்லும்.

— அப்போ உன்னையும் தடை பண்ணணுமே. எழுதிக்கோ. நோரீன் பாவ்லக், எல்லா வகையும், குதிரைத் திருடன் வழியில் வந்தவள்.

— சிரிப்பு வருது. ஆனா இன்னிக்கிச் சிரிக்க வரல நான். நாளையோட ஒப்படைக்கற கெடு முடியுது. இந்த ஏரிக்கரையில பதினோரு பேர் கிட்ட இந்த லிண்டால் இருந்துது. பத்துப் பேர் குடுத்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

— பத்துப் பேருக்கும் பத்து விரல் இருக்கு. எனக்கு எத்தனைன்னு எண்ணு. வெக்கப்படாதே, எண்ணு.

— தெரியும். ஏழு.

— வலது கையில ரெண்டு. ரம்பத்துக்குக் குடுத்தது மூணு. லிண்டால் தானே அடுத்த தோட்டாவ ஏத்திக்கும்; வேற துப்பாக்கின்னா இந்தக் கைய வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்ட இழுத்துத் தள்ள முடியுமா? மூஸ் மான் என்ன, எலைஜா கை சரியில்ல, கொஞ்சம் நிக்கலாம்னு நிக்குமா? முதல் குண்டுல விழலேன்னா ரெண்டாவது உடனே போகணும். இல்லாட்டி அடிபட்ட மிருகம் சதுப்புல போய்க் கிடந்து மூணு நாள் சாகும். அந்தப் பாவம் யாருக்கு? ஒட்டாவாவுக்கா?

— நான் ஒத்துக்கறேன். அதனாலதான் உங்கள முதல்ல தேடி வரல. கடைசியா வந்தேன்.

— நல்ல மரியாதை. எழுதிக்கோ.

— டீ ஆறுது நோரீன். குடிச்சுக்கிட்டே சண்ட போடு. நான் ஒண்ணும் சொல்லல, ஆனா ஆண் மூஸ் ஜோடி தேடிக் கத்த ஆரம்பிச்சு நாலு நாள் ஆச்சு, வேட்டைக்காலம். போன வருஷம் இந்த மனுஷன் அடிச்சது ரெண்டு. அஞ்சு வீட்டு ஃபிரீசர் நிறைஞ்சுது. கடையில ஒரு கிலோ மாட்டுக் கறி என்ன விலைன்னு ஒட்டாவாவுக்குத் தெரியுமா?

— தெரியாது அடேல். எனக்குத் தெரியும். நானும் அதே கடையிலதான் வாங்கறேன்.

— சரி. எழுந்திரு. இந்த மேசைக்கு வா. போர்வைய விலக்கு.

— ...எலைஜா, என்ன இது?

— நீ வருவேன்னு தெரியும். காலையிலேயே பிரிச்சு வெச்சேன். பயப்படாதே, தோட்டா ஒண்ணும் இல்ல, அது அடேல் அலமாரியில. இப்போ நீ போலீஸ், நான் திருடன். இதுல எது பட்டாளத் தாத்தாவோட சொத்து? அத மட்டும் எடுத்துக்கிட்டுப் போ. மிச்சம் என்னது.

— இப்படியெல்லாம் செய்ய முடியாது.

— ஏன் முடியாது? இது கட்டை. நானே இந்தக் காட்டு பிர்ச் மரத்துல செதுக்கினது. இதுக்குத் தாத்தா அதோ ஜன்னலுக்கு வெளியே நிக்குது. இது குழல். பழசு தேஞ்சு போய் தொண்ணூத்தி ஆறுல மாத்தினேன். இது தோட்டா அடுக்கற மகசின். அஞ்சு தோட்டாவுக்கு மேல வாங்காது, கோவாலோட மகசின் இதுல மாட்டவே மாட்டாது. இது போல்ட். இங்க பாரு, இத நல்லாப் பாரு. கோவாலோட போல்ட் சாயும். சாய்ஞ்சு பூட்டும். இது திருகும். திருகிப் பூட்டும். டவுன்ல துப்பாக்கி ரிப்பேர்க்கடை வெச்சிருந்தானே ஓலே, செத்துப்போனான் பாவம், அவன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பிரிச்சு வெச்சுக் காட்டினான். ஒரு ஸ்க்ரூ கூட ஒத்துப் போகல. கோவால்ல விசைய அழுத்திப் பிடிச்சா மழை மாதிரிக் கொட்டும். இதுல ஒரு அழுத்துக்கு ஒண்ணு. அப்புறம் எங்கேருந்து தாத்தா?

— வெளிப்பார்வைக்குக் கொஞ்சம் சாயல் இருக்கு.

— சாயலா! அடேல், கேட்டியா? சாயலாம். அந்தோனி வீட்டுக் கடைசிப் பையன் பாதிரியார் சாயல். அதுக்காக யாராவது மாதாகோயில்ல பங்கு கேட்டாங்களா?

— வாயக் கழுவு கிழவா!

— கொஞ்சம் இருங்க. என்கிட்ட முழு அறிக்கை இருக்கு. நானும் அந்த போல்ட் விஷயத்தத் தேடித்தான் பாத்தேன். உண்மையச் சொன்னா... மூணாம் பக்கம். 'உள்ளமைப்பில் வேறுபாடுகள் இருப்பினும்...'

— என்ன அர்த்தம்?

— உள்ள வேற வேறதான், ஆனாலும்னு அர்த்தம்.

— ஆனாலும் என்ன?

— 'ஆனாலும், இது கோவாலின் நேரடி வாரிசு என்பதைத் தயாரிப்பாளரே தம் விளம்பரத் தாளில் ஒப்புக்கொண்டுள்ளார்.'

— விளம்பரத் தாளா?

— ஆமா.

— கடையில சும்மாக் குடுப்பானே, வழவழன்னு, கலர் படத்தோட? அதுவா?

— அதான்னு நினைக்கறேன்.

— அடேல்! அந்த மாவு டின் அடியில விரிச்சிருக்கியே, அத எடு. அட எடுடீ, மாவு கொட்டினா கொட்டட்டும்.

— முப்பத்திரண்டு வருஷம் அங்க கிடக்கு. யாரும் சீண்டல. இன்னிக்கு ராஜ மரியாதை. இந்தா.

— பாரு நோரீன். ஒரு பக்கம் தொப்பி போட்ட பட்டாளத்தான், இன்னொரு பக்கம் சிவப்புச் சட்டை போட்ட வேட்டைக்காரன். இவன் தோளுல அவன் கை வெச்சிருக்கான். கீழ என்ன எழுதியிருக்கு? நீ படி.

— 'தாத்தா போரை வென்றார். பேரன் காட்டை வெல்வான். லிண்டால், ரத்தத்திலேயே வீரம்.'

— இது விக்கறதுக்குச் சொன்ன பொய்! துப்பாக்கி வியாபாரி வேற என்ன சொல்லுவான்? எங்க தாத்தா தபால்காரர்னா சொல்லுவான்? கடையில இதப் பாத்து நானும் ஓலேவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஓலே சொன்னான், செய்யறவன் ஒரு தையல்மெஷின் கம்பெனிக்காரன், பட்டாளத்த ஜன்மத்துல பாத்ததில்லன்னு. அத ஒட்டாவாவுல உக்காந்து ஜாதகம்னு நம்பியிருக்கானுங்க.

— ஆமா. நம்பியிருக்காங்க.

— பெருமைக்குச் சொன்ன ஒரு பொய்யி, வழவழ காகிதத்துல இருந்தா அது பிறப்புச் சான்று.

— எலைஜா, நான் சட்டம் போடல.

— போடல. கொண்டு வந்து குடுக்கறே. தபால்காரரும் நீதான், பட்டாளத்தானும் நீதான்.

— சரி, திட்டி முடிச்சாச்சா? இப்போ நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்தத் தடையிலேயே ஒரு வழி விட்டிருக்காங்க. ஒப்பந்தத்துல வேட்டை உரிமை இருக்கற பூர்வகுடி ஆளுங்க, கறிக்காக வேட்டையாடறவங்க, வேற துப்பாக்கி கிடைக்கற வரைக்கும் இதையே வெச்சுக்கலாம். உங்கம்மா கிரீ இனம்தானே? ஒற்றைக்கரடி ஏரிக் கூட்டம்தானே? ஊரே சொல்லுது. உங்க பூர்வகுடி அட்டை நம்பரக் குடுங்க. இந்தக் கட்டத்துல எழுதறேன். மேசையில இருக்கறத மாட்டிக்கிட்டு நீங்க சனிக்கிழமை காட்டுக்குப் போங்க.

— அட்டை இல்ல.

— இல்லையா? நான் இருக்கும்னுல்ல நினைச்சேன்.

— எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க.

— நான் ஒண்ணும் சொல்லல, ஆனா அந்தக் கதைய நீயே சொல்லு கிழவா. நான் சொன்னா அழுவேன்.

— அழ என்ன இருக்கு? எங்கம்மா எலிசா, ஒற்றைக்கரடி ஏரியில பொறந்தவ. எங்கப்பா நார்வேக்காரன், பொறி வெச்சு நரி பிடிக்கறவன். அவனக் கட்டிக்கிட்ட அன்னிக்கே எங்கம்மா பேர அரசாங்கம் பூர்வகுடிப் பட்டியல்லேர்ந்து அடிச்சிட்டது. அன்னிக்கு இருந்த சட்டம் அது. பொம்பள வெளியே கட்டிக்கிட்டா அவ பூர்வகுடி இல்ல. காலையில கோயிலுக்குப் போகும்போது கிரீ. மத்தியானம் வெளியே வரும்போது நார்வே. அம்மா பாவம், நார்வே எந்தத் திசையில இருக்குன்னு கூடத் தெரியாது அதுக்கு.

— அந்தச் சட்டத்த அப்புறம் மாத்திட்டாங்களே, எண்பத்தஞ்சுல.

— மாத்தினான். நானும் மனு போட்டேன், எண்பத்தொன்பதுல. அடேல்தான் எழுதிக் குடுத்தா. பதில் வந்தது. என்ன வந்துது அடேல்?

— 'தங்கள் தாயார் திருமணத்துக்கு முன் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு அரசு ஆவணம் அல்லது திருமுழுக்குப் பதிவு அனுப்பவும்.' எனக்கு மனப்பாடம். பட்டியல்ல அந்தப் பக்கமே காணோமாம். கோயில் அம்பத்தொண்ணுல எரிஞ்சுது, பதிவேடும் அதோட போச்சு.

— சாட்சி? தெரிஞ்சவங்க?

— எண்பது பேர் கையெழுத்து வாங்கினேன். எங்கம்மா கூடப் பொறந்த தங்கச்சி கைநாட்டு வெச்சா. அவளுக்கு அட்டை இருக்கு! அக்காவுக்கு இல்ல! ஒரே வயிறு, ஒரே கூடாரம். பேச்செல்லாம் செல்லாது, காகிதம் வேணும்னுட்டான். அதோட விட்டேன். என் தாய் யாருன்னு இன்னொருத்தன் கிட்டக் கெஞ்சறதில்லன்னு விட்டேன்.

— முப்பது வருஷமாவா?

— முப்பத்திரண்டு. இப்போ நீயே சொல்லு நோரீன், உனக்குப் படிப்பு இருக்கு. இந்த லிண்டாலோட தாத்தா கோவால்னே வெச்சுக்கோ. அவன் வம்சம் வேற நாட்டுக்குப் போய் வேற கம்பெனியோட கலந்து இதப் பெத்துது. வெளியே கட்டிக்கிட்டது தானே? எங்கம்மாவுக்குப் போட்ட சட்டப்படி, இது பட்டியல்லேர்ந்து அடிபட்டுப் போகணும். இது இனிமே பட்டாளம் இல்ல. நார்வே! எழுதிக்கோ.

— அப்படி எழுதினா எனக்கு வேலை போயிடும்.

— துப்பாக்கிக்கு மட்டும் எத்தனை தலைமுறை ஆனாலும் ரத்தம் விடாது. மனுஷிக்கு ஒரு மத்தியானத்துல விட்டுடும். நல்ல சட்டம்.

— கேளுங்க. நான் அந்தக் கட்டத்துல 'பூர்வகுடி, நம்பர் பிறகு தரப்படும்'னு போடறேன். என் பொறுப்பு. யாராவது கேக்கறதுக்குள்ள குளிர்காலம் வந்துடும்.

— வேண்டாம்.

— கிழவா! அவ குடுக்கறா, வாங்கிக்கோயேன்!

— வேண்டாம்னேன். எங்கம்மாவ யாரும் எனக்குப் பிச்சை போட வேண்டாம். 'பிறகு தரப்படும்'னு எழுதி ஒளிஞ்சுக்கிட்டு ஒரு மூஸ் அடிக்கணுமா நான்? இவளும் மாட்டிக்குவா.

— அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க? நான் வெறும் கையோட போனா திங்கக்கிழமை டவுன்லேர்ந்து நாலு பேர் வருவாங்க. வாரண்டோட. அடேலோட வாத்து சுடற துப்பாக்கி, உங்க லைசென்ஸ், எல்லாம் போகும். உங்களக் கோர்ட்ல நிறுத்துவாங்க. எழுபத்திமூணு வயசுல.

— வரட்டும். நாற்காலி நாலு இருக்கு.

— இது விளையாட்டு இல்ல கிழவா. என் துப்பாக்கியத் தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன். எனக்கும் மூஸ் இல்லன்னா வாத்தாவது வேணும். நான் ஒண்ணும் சொல்லல... இல்ல, இந்தத் தடவ சொல்றேன். குடுத்துடு எலைஜா.

— சரி.

— சரின்னா?

— உனக்காக இல்ல நோரீன். அவ வாத்துக்காக. எடுத்துக்கோ. ஆனா ரசீது வேணும்.

— கண்டிப்பா. இதோ படிவம். வரிசை எண், வகை, கையெழுத்து...

— திருப்பித் தருவோம்னு எழுதணும்.

— அது முடியாது. தடை செஞ்ச ஆயுதத்தத் திருப்பித் தர்றதில்ல. படிவத்துல அப்படி ஒரு வரியே கிடையாது.

— பொய். முன்னாடி எழுதினீங்க.

— யாரு?

— உங்க ஆளுங்கதான். எங்கம்மா கிட்டேயும் ஒரு துப்பாக்கி பிடுங்கினாங்க. கல்யாணத்துக்கு முந்தி, அவ சின்னப் பொண்ணா இருக்கும்போது. ஏதோ எல்லையத் தாண்டிச் சுட்டாள்னு. அன்னிக்கு ஒழுங்கா ரசீது குடுத்தான், திருப்பித் தருவோம்னு எழுதியே குடுத்தான். ரெண்டு தடவ நடந்து போய்க் கேட்டிருக்கா. எழுதின போலீஸ்காரன் ஊர் மாறிப் போயிட்டானாம். அப்புறம் எங்கப்பன், புள்ளைங்க... போக முடியல.

— அந்த ரசீது இப்போ இல்லையே?

— ஏன் இல்ல? கட்டிலுக்கு அடியில, புகையிலை டப்பாவுல இருக்கு. அடேல், திரும்பிக்கோ, சாவி எடுக்கணும்.

— நாப்பத்தாறு வருஷமா திரும்பிக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த டப்பாவத் தொட்டா கைய ஒடிச்சுடுவேன்னவன் நீ.

— எங்கம்மா சாகும்போது சொன்னது அது. இது துப்பாக்கியோட காகிதம், போலீஸ் கையில மட்டும் குடுக்காதே, காகிதத்தையும் வாங்கிக்கிட்டுத் துப்பாக்கியையும் வெச்சுக்குவான்னு சொன்னா. அவளும் படிச்சதில்ல, நானும் படிச்சதில்ல. அதனால நோரீன், கையப் பின்னாடி கட்டிக்கோ. நான் பிடிச்சுக்கறேன். கண்ணால மட்டும் படி. ரசீதுன்னா எப்படி எழுதணும்னு பாத்துக் கத்துக்கோ.

— கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் காட்டுங்க. மை வெளுத்துப் போச்சு... எங்க முத்திரைதான். பழைய முத்திரை. 'அக்டோபர் ஒன்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு. பெறப்பட்டது: ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று. கட்டையில் விரிசல், மான்தோல் சுற்றியது. யாரிடமிருந்து...'

— ஏன் நிறுத்திட்டே? படி. மோசமா எழுதியிருக்கானா? எழுதியிருந்தாலும் படி.

— 'யாரிடமிருந்து: எலிசா, வயது பதினேழு, மணமாகாதவள். பூர்வகுடிப் பெண். ஒற்றைக்கரடி ஏரிக் கூட்டம். ஒப்பந்த எண் முப்பத்தேழு.'

— அடேல், எதுக்கு இப்போ அழறே? என்ன சொல்லிட்டா இவ?

— கிழவா... முட்டாக் கிழவா... அவங்க கேட்டதே இதத்தான்டா.

— எலைஜா, இது அரசாங்க ஆவணம். கல்யாணத்துக்கு முந்தினது. பேரு, கூட்டம், எண், முத்திரை, எல்லாம் இருக்கு. இது உங்க கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கு.

— அப்போ பிடுங்கும்போது எங்கம்மா யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரிஞ்சிருக்கு.

— எண்ணோட தெரிஞ்சிருக்கு. குடுக்கறப்போதான் மறந்து போச்சு.

— நான் இந்தப் படிவத்தக் கிழிச்சுடறேன். லிண்டால் இங்கேயே இருக்கட்டும். இந்த ரசீத மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா? கையில தொட மாட்டேன். ஒட்டாவாவுக்கு நானே அனுப்பறேன்.

— இரு. இன்னும் ஒரு வரி இருக்கு கீழ. அதான் எனக்கு வேணும். அத நீ படிக்கல.

— 'உரியவர் கேட்டால் திருப்பித் தரப்படும்.'

— எழுதிக்கோ நோரீன். உரியவளோட மகன் கேக்கறான். முதல்ல போய் எங்கம்மா துப்பாக்கியக் கொண்டா. அதுக்கப்புறம் என் துப்பாக்கியோட தாத்தாவப் பத்திப் பேசலாம்.